கார்வோவின் தொப்பையும் ஊர் பெல்ட்டும்

ரொம்பத் தூரத்துல, மழையே விடாத ஒரு ஊர்ல, மீசையால கள் வடிகட்டிக் குடிக்கிற ஒருத்தன் இருந்தான். பேரு கார்வோ. கெல்ட் ஜனங்கன்னு அந்தக் காலத்துல இருந்தாங்க, அவங்கள்ல ஒருத்தன். தலைமுடியில சுண்ணாம்புத் தண்ணி தடவிக் குதிரைப் பிடரி மாதிரி நிமிர்த்தி வெச்சிருப்பான். ம் சொல்லு.

ம்.

அந்த ஊர்ல விருந்துன்னா, பெரிய வீரன் எவனோ அவனுக்குத்தான் பன்னித் தொடை. கார்வோ பெரிய வீரன். அதனால எல்லா விருந்துலயும் தொடை அவனுக்கு. நறுக் நறுக்னு தின்னான். அப்புறம் என்ன, வயிறு மளமளன்னு வளந்துது.

ஆனா அங்க இன்னொரு சட்டம். வருஷத்துக்கு ஒரு தரம் வீரனுங்க எல்லாரும், ஊருக்கே பொதுவா ஒரே அளவுல இருக்கற ஊர் பெல்ட்டை இடுப்புல பூட்டிக் காட்டணும். பெரியவர் வாழ்த்திப் பேசி முடிக்கிற வரைக்கும் பூட்டு விடக்கூடாது. விட்டா ஈட்டியைப் பிடுங்கிட்டு ஒரு வருஷம் பன்னி மேய்க்க அனுப்பிடுவாங்க. ஜெயிச்சா தின்னுங்கறாங்க, தின்னா தண்டனைங்கறாங்க. ஏன்னு கேக்காத கண்ணு, எனக்கும் இன்னிவரைக்கும் விளங்கல.

பெல்ட்டு பூட்டுற நாள் நெருங்கவும், வயித்தைக் குறைக்க கார்வோ மூணு நாள் பட்டினி கிடக்கப் பாத்தான். மொத நாள் ஒரு விருந்தாளி வந்தான். வந்தவனுக்குச் சோறு போட்டு, கூட உக்காந்து தின்னுட்டுத்தான் பேரே கேக்கணும், அது அவங்க வழக்கம். ரெண்டாம் நாள் ரெண்டு பேர். மூணாம் நாள் அஞ்சு பேர்!

"யோவ், குறைக்க வேண்டிய வயித்தை இன்னும் பெருசாக்கிட்டியே!"ன்னா அவன் பொண்டாட்டி லித்தா.

"வந்தவனைத் தொரத்தவா சொல்றே?"

அப்புறம் அந்த நாள் வந்துது. ஓக் மரத்தடியில ஊரே கூடிச்சு. கார்வோ மூச்சை உள்ள இழுத்தான், சர்ர்ர். லித்தா பெல்ட்டைப் பிடிச்சு இழுத்தா. க்ளிக்! பூட்டிடுச்சு. அவனுக்குப் பின்னால ஊர்த்தலைவர் நின்னாரு, அடுத்தது அவர் முறை. ட்ரூயிடுன்னு அவங்க சொல்ற பெரியவர் எந்திரிச்சுப் பேச ஆரம்பிச்சாரு.

"உங்க பாட்டனுங்க மீசை எவ்வளவு நீளம் தெரியுமா..."

பேசினாரு, பேசினாரு. கார்வோ மூஞ்சி செவந்துது, ஊதாவாச்சு.

அவர் பேசறப்போ யாரும் குறுக்க சத்தம் போடக்கூடாது. போட்டா ஒரு காவல்காரன் கத்தியோட வருவான். மூணு தரம் எண்ணுவான். மூணாவதுல, சத்தம் போட்டவன் போத்தியிருக்கற போர்வையை உதவாதபடி அறுத்துடுவான். ம்?

ம்...

அப்போ... கிரீச்!

"யாருய்யா அது? ஒண்ணு!"ன்னான் காவல்காரன்.

கார்வோவால வாயைத் திறக்க முடியுமா? லித்தா கத்தினா: "அவர் எங்கய்யா பேசினாரு? பெல்ட்டுதான் பேசுது!"

கிரீ...ச்!

பெரியவருக்குக் கோவம். "பெல்ட்டோ எதுவோ, எண்ணுடா!"

"ரெண்டு!"

கிர்ர்ரீஈஈச்!

"மூணு! ஐயா, போர்வையை அறுக்கவா?"

"போர்வை என்னய்யா பண்ணுச்சு?"ன்னா லித்தா. "குறுக்க பேசினது எதுவோ அதை அறுங்க. பெல்ட்டோ எதுவோ எண்ணுன்னு உங்க வாயாலதான சொன்னீங்க?"

பெரியவர் தாடியைச் சொறிஞ்சாரு. சொன்ன வார்த்தையை எப்படி மாத்துறது?

"சரி, அறுடா."

சரக்! பெல்ட்டு அறுந்துது. தொபுக்! தொப்பை வெளிய வந்துது.

"பூட்டு விட்டுப்போச்சு! பன்னி மேய்க்கப் போடா!"ன்னாரு பெரியவர்.

"எங்க விட்டுது?"ன்னான் கார்வோ, மூச்சு வாங்கி வாங்கி. "பூட்டு பூட்டினபடியே இருக்கு, பாருங்க. அறுத்தது நீங்க."

அப்போ பின்னாலருந்து "ஹப்பாஆஆடா"ன்னு ஒரு சத்தம். பாத்தா, தலைவர்! காலையிலருந்து அவரும் மூச்சைப் பிடிச்சுட்டு நின்னிருக்காரு. கார்வோவைவிட ஒரு சாண் பெரிய வயிறு.

"புது பெல்ட்டுக்கு அளவு வேணுமே..."ன்னாரு தலைவர் வெக்கமா. "என் இடுப்புலயே எடுங்களேன்."

அன்னிக்கு விருந்துல தொடை யாருக்கு? கார்வோ கையை நீட்டினான். பட்டுனு ஒரு அடி. அடிச்சது லித்தா, தொடையையும் அவளே எடுத்துட்டா. அன்னிக்கு ஜெயிச்சது அவதானே.

தூங்கிட்டியா? பெல்ட்டும் அறுந்துது, கதையும் அறுந்துது. வயித்தைத் தளர்த்தி விட்டுட்டுக் கண்ணை மூடு.