குட்டைக்கரையில் உடைந்த பானை

காட்டுக்கு நடுவே ஒரு குட்டை இருந்தது. கோடையில் மற்ற நீரெல்லாம் வற்றினாலும் அதில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தக் கொஞ்சத்துக்காக ஒரு காலத்தில் நடந்த அடிதடி கொஞ்சநஞ்சமல்ல. வலுத்தது குடித்தது, இளைத்தது செத்தது. செத்தது போக மிஞ்சிய விலங்குகள் ஒன்றுகூடி ஒரு சட்டம் செய்துகொண்டன.

கோடை தொடங்கியதும் ஒவ்வோர் இனமும் தனக்குரிய மரத்தின் இலை ஒன்றைக் கொண்டுவந்து ஒரு பானைக்குள் போடும். தேன் எடுக்க வந்த ஆட்கள் விட்டுப்போன பானை அது. பகலில் கண் தெரியாத ஆந்தை, உச்சி வெயிலில் அதற்குள் அலகை விட்டு ஓர் இலையை எடுக்கும். அந்த இலைக்குரியவர்தான் அந்தக் கோடைக்குக் குட்டைக் காவல். காவலர் எல்லோருக்கும் கடைசியாகத்தான் குடிக்க வேண்டும். தண்ணீரில் யாரும் புரளக் கூடாது. ஒரு கோடை காவல் பார்த்தவரின் இலை மறு கோடை பானைக்குள் போகக் கூடாது.

ஒரு வருடம் காட்டுப்பன்றியின் இலை வந்தது. சும்மா சொல்லக் கூடாது, பன்றி நன்றாகத்தான் காவல் பார்த்தது. மூக்கால் சேற்றைத் தோண்டி ஊற்றைத் திறந்துவிட்டது. நரியின் சேட்டையை அடக்கியது. அந்தக் கோடையில்தான் சருகுமான் ஒரு நோஞ்சான் குட்டியை ஈன்றிருந்தது. பன்றி அதைப் பார்த்து இரங்கி, "பிள்ளை துவண்டு கிடக்குது, முறை வருமுன்னே குடிக்கட்டும்" என்று வழிவிட்டது. குட்டி பிழைத்தது. சருகுமானின் நெஞ்சு நன்றியில் நிறைந்துவிட்டது.

மறு கோடை வந்தது. பானையைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். சருகுமான் முன்னே வந்தது.

"இந்தத் தடவை இலை எதுக்கு? பன்றியண்ணனே இருக்கட்டும். ஆந்தை அலகுல நரியோட இலை வந்துட்டா என் பிள்ளை கதி என்ன?"

பிடித்த பிடியை விடாத உடும்பு தலையைத் தூக்கியது. "நரியே வந்தாலும் ஒரு கோடையோட போயிடும். கடைசியாத்தான் குடிக்கும். அதுக்குத்தானே சட்டம்?"

"இந்த ஒரு தடவைதானே உடும்பண்ணே!"

"அடுத்த தடவையும் ஒரு தடவைதான் தாயி."

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஊற்றைத் திறந்தவனை விட்டுவிட்டுக் குருட்டு அலகை நம்புவதா என்று முயல்கள்கூடக் கேட்டன. பன்றி தலைகுனிந்து, "எல்லோரும் சொல்றீங்க, தட்ட முடியுமா?" என்றது. பானை காலியாகவே கிடந்தது.

தோண்டிக் களைத்ததால் பன்றி முதலில் குடித்தது. அது நியாயம்தான் என்றது சருகுமான். பிறகு பன்றிக்குட்டிகள் தண்ணீரில் இறங்கிப் புரண்டன. குழந்தைகள்தானே என்றது சருகுமான். தண்ணீர் கலங்குகிறது என்று முறையிட்ட முயல்கள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டன. அன்று சருகுமான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் குட்டிக்குத்தான் தண்ணீர் கிடைத்துக்கொண்டிருந்ததே! வேலியே பயிரை மேய்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன உடும்பைப் பன்றி காட்டுக்கு அப்பால் விரட்டியது.

அடுத்த கோடையில் ஆந்தை வந்து தடவிப் பார்த்தபோது பானை ஓடு ஓடாகக் கிடந்தது. அதன் மேல் பன்றியின் குளம்படி தெரிந்தது. "மழையில உடைஞ்சிருக்கும்" என்றது பன்றி. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அந்தக் கோடை கொடுங்கோடை. குட்டையில் ஒரு மூலையில்தான் தண்ணீர் மிஞ்சியது. அதில் பன்றியின் குடும்பம் புரண்டுகொண்டிருந்தது. சருகுமான் தன் குட்டியை முட்டி முட்டி நடத்திக் கூட்டி வந்தது.

"இன்னிக்கு வேறு யாருக்கும் தண்ணி இல்ல" என்றது பன்றி.

"அண்ணே, இது எங்க முறை. பிள்ளைக்கு நாக்கு வறண்டுபோச்சு. நீங்கதானே அன்னிக்கு இதைக் காப்பாத்தினீங்க?"

"அன்னிக்கு மனசு வந்தது, கொடுத்தேன். இன்னிக்கு என் பிள்ளைங்களுக்கே பத்தல."

"காவலர் கடைசியாத்தான் குடிக்கணும்னு சட்டம் இருக்கே!"

பன்றி அதை ஏற இறங்கப் பார்த்தது. "எந்தச் சட்டம்? வேண்டாம்னு தள்ளி வைக்கச் சொன்னது நீதானே?"

சருகுமான் திரும்பி மற்றவர்களைப் பார்த்தது. முயல்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மயில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அவர்களைக் குற்றம் சொல்ல அதற்கு வாய் வரவில்லை.

பொழுது சாயுமுன், தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே குட்டி கண்ணை மூடியது.

சருகுமான் அழுது ஓய்ந்தது. பிறகு தன் மரத்தடிக்குப் போய் ஓர் இலையைக் கவ்விக்கொண்டு குட்டைக்கரைக்கு வந்தது. அதைப் போடுவதற்குப் பானை இல்லை. உடைந்த ஓடுகளுக்கு நடுவே இலையை வாயில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தது.

நல்லவனுக்காக ஒரு முறை வளைத்த சட்டம், அவன் கெட்டவனாகும் நாளில் நமக்காக நிமிர்ந்து நிற்காது.