அவர் எப்ப வருவார்?

மேற்கு மலையின் அடிவாரத்தில் ஒரு சிறிய மடம். நாச்சியார் அம்மை அதை நடத்திவந்தார். பூசை, பிரசங்கம் எதுவும் கிடையாது. நாலைந்து பேர் தங்கியிருப்பார்கள். அவரவர் வேலையைச் செய்வார்கள், அந்தியில் கூடத்தில் கண்மூடி உட்கார்வார்கள். அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் அங்கே வந்து சேர்ந்த அன்று சாரல் விழுந்துகொண்டிருந்தது. கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். அம்மையைவிட வயதில் நன்றாக மூத்தவர். நனைந்த பையோடு வாசலில் நின்றார்.

"எதுக்கு வந்தீங்க?" என்று அம்மை கேட்டார்.

"மனசு அடங்க மாட்டேங்குது."

"வீட்டுல?"

"சம்சாரம் இருக்கா. துணைக்கு அவ தங்கச்சியை விட்டுட்டு வந்திருக்கேன்."

அம்மை அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கு ஒரு பாய் கொடுக்கச் சொன்னார்.

பத்து நாளில் திரும்புவதாக வீட்டில் சொல்லியிருந்தார் ஆவுடையப்பன். திரும்பவில்லை. மடத்தில் வெங்காயம் உரித்தார், முற்றம் கூட்டினார், மற்றவர்களோடு கண்மூடி உட்கார்ந்தார். மனம் மட்டும் அடங்கவில்லை. யாரும் அவரோடு அதிகம் பேசவில்லை. எல்லோரும் அவரை 'சார்' என்றார்கள். சில நாட்கள் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் அவர் காதில் விழாது. சாப்பிடும்போது தம் தட்டின் சத்தம் தமக்கே பெரிதாகக் கேட்கும்.

ஒருநாள் அம்மையிடம் போய் நின்றார்.

"எனக்கு ஏதாவது உபதேசம் பண்ணுங்க அம்மை."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது சார். வெளிநாட்டுக்காரங்க வந்தா சிரிச்சுட்டு நிக்கேன். சொல்லிக் கொடுக்கீங்களா?"

ஆவுடையப்பனுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் மதியம் முதல் நெல்லிமரத்தடியில் பாடம் தொடங்கியது.

அம்மை நல்ல மாணவி என்று சொல்ல முடியாது. உச்சரிப்பு வரவில்லை. ஆனால் எதையும் அப்படியே விடமாட்டார். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் அன்று முழுக்க அதுதான்.

ஒருநாள் 'கம்', 'கோ' இரண்டும் வந்தன.

"கம்னா வா. கோன்னா போ," என்றார் ஆவுடையப்பன். "சின்னப் பிள்ளைங்க படிக்கிறது. ரெண்டு நிமிஷத்துல முடிச்சிரலாம்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பேசுறவர் நிக்கிற இடத்துக்கு ஒருத்தர் நடந்தா கம். அங்கேருந்து வேற பக்கம் நடந்தா கோ."

"ஒரு உதாரணம் சொல்லுங்க. உங்களைப் பத்தியே சொல்லுங்க."

"ஐ கேம் ஹியர். நான் இங்க வந்தேன்."

"அதையே உங்க வீட்டுல இருக்கிறவங்க சொன்னா?"

"ஹி வென்ட். அவர் போயிட்டார்."

"நீங்க ஏறினது ஒரே பஸ்தானே சார்?"

"ஆமா."

"பிறகு எப்படி ரெண்டு வார்த்தை?"

"யார் எங்கே நின்னு சொல்லுதாங்கங்கிறதைப் பொறுத்தது அம்மை. அவங்க இருக்கிற இடத்துல..."

அவர் நிறுத்திவிட்டார். நெல்லி இலைகள் மடியில் உதிர்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். பிறகு, யாரும் கேட்காமலே, சொல்லத் தொடங்கினார்.

அவர் மனைவி பெயர் செண்பகவல்லி. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். அப்புறம் தெருப்பெயர் மறந்தது, அக்கம்பக்கத்தாரின் பெயர்கள் மறந்தன. கடைசியில் ஒருநாள் மாலை, எதிரே உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரர் எப்ப வருவார்?" என்று கேட்டாள்.

"நான்தான்டி," என்றார் அவர்.

அவள் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

அதன்பிறகு தினமும் அதே கேள்விதான். கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து காட்டினார். அவள் ஆசையோடு அதைத் தடவினாள். "ஆமா, இவர்தான். இவரை நீங்க எங்கயாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"அப்படியும் ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன் அம்மை," என்றார் ஆவுடையப்பன். "ஒருநாள் பொழுது சாயுத நேரம். எங்க வீட்டுல, என் நாற்காலியில, அவ பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். ரொம்ப மரியாதையாச் சொல்லுதா. 'நீங்க வீட்டுக்குப் போகலையா? இருட்டப் போகுது. அவர் வந்தா ஏதாவது நெனைப்பார்.'"

அம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எந்த வீட்டுக்கு அம்மை போவேன்?"

அன்றைய பாடம் அதோடு நின்றது.

சில வாரங்கள் கழித்து மடத்துத் தொலைபேசிக்கு ஒரு அழைப்பு வந்தது. மனைவியின் தங்கை கோமதி. ஆவுடையப்பன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தார்.

"அத்தான், அக்கா உங்களைக் கேக்கா."

"என்னையா? பேரைச் சொல்லியா?"

"பேரைச் சொல்லலை. 'ஒருத்தர் வந்து பக்கத்துல உட்காருவாரே, அவர் எங்க போயிட்டார்?'னு கேக்கா. நாலஞ்சு நாளா அந்த நாற்காலியில யாரையும் உட்கார விட மாட்டேங்கா."

"வீட்டுக்காரரைக் கேக்கலையா?"

"அது எப்பவும் போல. அவர் எப்ப வருவார்னு கேப்பா. உடனே, அந்த ஆள் எங்க போனார்னு கேப்பா. நான் எதுக்குன்னு பதில் சொல்ல?"

ஆவுடையப்பன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கத்தில் ஒரு குக்கர் விசிலடித்தது. தம் வீட்டுக் குக்கர் என்று தெரிந்தது. கோமதி, "அத்தான்? அத்தான்?" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவர் அம்மையைத் தேடிப் போனார். அம்மை கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னார்.

"நான் அங்க போனா யாரோ ஒருத்தன்தான் அம்மை."

"இங்க?"

அம்மை புடவையின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினார்கள். தண்ணீர் கல்லில் கொட்டியது.

"அந்த யாரோ ஒருத்தரைத்தானே தேடுதாங்க?" என்றார் அம்மை.

"புருஷனையும்தான் தேடுதா."

"ரெண்டு பேரைத் தேடுதாங்க. ஒருத்தராவது போகலாம்ல?"

சாயங்காலமே ஆவுடையப்பன் பையை எடுத்துக்கொண்டார். யாரும் வழியனுப்ப வரவில்லை. அந்தி அமர்வுக்கு எல்லோரும் கூடத்தில் கண்மூடி இருந்தார்கள்.

அன்றிரவைத் தென்காசியில் கழித்துவிட்டு மறுநாள் மதியத்துக்கு மேல் வீட்டை அடைந்தார். கம்பிக்கதவு போட்ட வராந்தாவில் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். கோமதி தலைவாரிப் பூ வைத்துவிட்டிருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கு அவள் நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா! எங்க போயிட்டீங்க இத்தனை நாளா?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. செண்பகம் என்று கூப்பிட வாயெடுத்தார்.

"எங்க வீட்டுக்காரர்தான் இன்னும் வரலை," என்றாள் அவள்.

ஆவுடையப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் சொல்லும் 'நான்தான்டி' நாக்குவரை வந்தது. உள்ளேயிருந்து கோமதி கவலையோடு எட்டிப்பார்த்தாள்.

"வருவார்," என்றார் அவர். "அதுவரைக்கும் நான் இருக்கட்டுமா?"

"இருங்க, இருங்க. எனக்கும் தனியா ஒரு மாதிரியா இருக்கு."

அவர் உட்கார்ந்தார். அவள் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியார், கோபக்காரர், ஆனால் தோசை மட்டும் மெல்லிசாக இருந்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். கல்யாணமான புதிதில் தனக்கு இங்கிலீஷ் சொல்லித்தர முயன்று தோற்றுப்போனார். ஆவுடையப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் சிலதை அவரே மறந்திருந்தார். தம்மைப் பற்றி அவள் இவ்வளவு பேசி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

பொழுது சாய்ந்தது. அவள் தெருவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். அவள் சொல்வதற்கு முன் எழுந்துகொண்டார்.

"நேரமாச்சு. போயிட்டு வாரேன்."

"நல்லது. நாளைக்கு வருவீங்கள்ல?"

"வாரேன்."

வாசலில் இறங்கித் தெருவில் நடந்தார். முனையில் திரும்பிப் பின்பக்கச் சந்துக்குள் நுழைந்தார். கோமதி அடுக்களைக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டு அறையில் படுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் செண்பகவல்லியின் குரல் கேட்டது.

"கோமதி, அத்தானுக்கு எடுத்து வச்சியா? வந்தா பசியோட வருவார்."

"வச்சிருக்கேன்க்கா."

அப்படியே வழக்கமாகிவிட்டது. மதியம் பின்கதவு வழியாக வெளியேறி, தெருவைச் சுற்றி, முன்வாசல் வழியாக வருவார். இருட்டினால் முன்வாசல் வழியாகப் போவார். அக்கம்பக்கத்தார் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் பார்ப்பதில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் நாச்சியார் அம்மை அந்தப் பக்கம் வந்தார். ஆவுடையப்பன் அப்போதுதான் முன்வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருந்தார். அம்மையைக் கண்டதும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். செண்பகவல்லி தடுக்கவில்லை. புதிதாக வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எங்கேருந்து வாரீங்க?"

"மேக்கே இருந்து வாரேன்மா."

"வழியில எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா?"

கோமதி சங்கடத்தோடு ஆவுடையப்பனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாத்தேன்மா," என்றார் அம்மை.

"நல்லா இருக்காரா?"

"கொஞ்சம் இளைச்சிருக்கார். நல்லா இருக்கார்."

"வாராரா?"

"வந்துக்கிட்டுத்தான் இருக்கார்."

செண்பகவல்லி பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டாள். மாதக்கணக்கில் அவள் பகலில் தூங்கியதில்லை என்றாள் கோமதி.

அம்மை புறப்பட்டார். பஸ் நிறுத்தம்வரை ஆவுடையப்பன் கூடவே நடந்தார். பஸ் வர நேரமிருந்தது.

"அம்மை, அவகிட்ட வந்துக்கிட்டு இருக்கார்னு சொன்னீங்களே."

"ஆமா."

"தினமும் முன்வாசல் வழியா வாரேன். தினமும் போறேன். பின்னால வந்து படுக்கேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவ எனக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்லுதா. இந்தப் பக்கம் நான் படுத்திருக்கேன். அந்த மனுஷன் எப்ப அம்மை வீடு வந்து சேருவான்?"

தூரத்தில் பஸ் தெரிந்தது. அம்மை முந்தானையைச் செருகிக்கொண்டார்.

"அதையேதானே அவங்களும் கேக்காங்க சார்," என்றார். "தனித்தனியா எதுக்குக் கேக்கணும்?"