எருக்கம்புதரில் அடைபட்ட மச்சக்காரர்கள்

கருவேலங்காட்டுக்கும் ஓடைக்கும் நடுவில் இருந்த புல்வெளியில் பச்சை வெட்டுக்கிளிகள் வாழ்ந்தன. ஒரு செடிக்கு ஒருவர் என்பது அங்கே சட்டம். கணவனும் மனைவியும்கூட அடுத்தடுத்த செடியில்தான் குடித்தனம் நடத்தினார்கள். எதிரே யாராவது வந்தால் மீசையைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போக வேண்டும். தவறிப்போய் ஒருவர் கால் இன்னொருவர் தொடையில் உரசிவிட்டால் மூன்று தடவை மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "அது மரியாதை!" என்பார்கள். அதோடு சரி.

இத்தனை மரியாதைக்காரர்களுக்கும் ஒரு பயம் இருந்தது. அதன் பெயர் கருங்கூட்டம். பல மழைக்காலங்களுக்கு முன்னால், ஓர் உச்சி வெயிலில் அது வந்ததாம். கறுப்பும் மஞ்சளுமாக ஆயிரமாயிரம் வெட்டுக்கிளிகள். ஒன்றும் பேசவில்லையாம். எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நடந்தனவாம். போன வழியில் புல் இல்லை, இலை இல்லை. நடையில் பின்தங்கியவர்களும் இல்லை. பின்னால் வந்தவர்கள் அவர்களையும் தின்றுவிட்டார்கள்.

"அது வேற குலம்! நமக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!" என்று தலைவர் பெரியதாடை ஊர்க்கூட்டத்தில் அடிக்கடி சொல்லுவார். எல்லோரும் தலைக்கு ஒரு செடியில் உட்கார்ந்தபடி ஆமாம் போடுவார்கள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. புல் காய்ந்தது. ஓடைக்கரைக் குடும்பங்கள் ஒரே செடியில் மூன்று நான்கு பேராக ஒண்டிக்கொண்டன. ஒருநாள் அங்கே ஒருவன் முதுகில் கறுப்புக் கோடு தெரிந்தது. ஊரே நடுங்கிப்போனது.

இதைக் கேட்டு ஓர் ஓணானுக்கு மட்டும் நாக்கில் எச்சில் ஊறியது. அதற்குத் தொந்தி விழுந்துவிட்டது. ஆளுக்கொரு செடியாகச் சிதறிக் கிடக்கும் வெட்டுக்கிளிகளில் இரண்டைப் பிடிப்பதற்குள் அதற்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். அது நேராகப் பெரியதாடையிடம் போனது.

"தலைவரே, அந்தக் கோடு விழுந்தவனோட தொடையைப் பாத்தீங்களா? மிளகு மாதிரி ஒரு மச்சம்! அது கருங்கூட்டத்து ரத்தம். உங்களுக்குள்ளேயே கலந்து கிடக்கு!"

"ஐயையோ! இப்ப என்ன பண்றது?"

"மச்சம் இருக்கிறவங்களை எல்லாம் ஒரே இடத்துல அடைச்சு வைங்க. நிறம் மாறுறவங்களை நான் பாத்துக்கறேன்!"

ஓணான் தலையை ஆட்டியது. அது எதற்கும் தலையாட்டும் பிறவி. பெரியதாடைக்கு அது அக்கறையாகத் தெரிந்தது.

இரண்டு பாறைகளுக்கு இடையில் ஓர் எருக்கம்புதர் இருந்தது. அதைச் சுற்றிக் கருவேல முள்ளைப் போட்டு, ஒரே ஒரு வழி விட்டார்கள். மச்சக்காரர்களைக் கூட்டிவரும் வேலை கோரையனுக்கு வந்தது. அவன் தொடையில் மாசு மருவே கிடையாது. ஆனால் அவன் தங்கை குருத்துக்கு மச்சம் இருந்தது. இரண்டு பேரும் ஒரே முட்டைக்கூட்டில் பிறந்தவர்கள்.

"அண்ணா, என்னையுமா?" என்றாள் குருத்து.

"நாலே நாள்தான் தங்கச்சி! நீ பச்சையாவே இருக்கிறதை எல்லாரும் பாத்துடுவாங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன். சத்தியம்!"

அவன் மனதார அதை நம்பினான். தன் கையாலேயே அவளை உள்ளே விட்டான்.

முதல் நாள் புதருக்குள் ஒரே கூச்சல். "தள்ளி உக்காரு!" "காலை எடு!" "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க!" இலைக்கு இருபது பேர், காம்புக்கு ஐம்பது பேர். தின்ன எருக்கிலையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. உச்சி வெயிலில் ஓணான் வந்தது. "இவன் மேல சந்தேகமா இருக்கு!" என்றது. ஒன்றை விழுங்கியது. "இவளும்தான்!" இன்னொன்றையும் விழுங்கியது. ஓடாமல் தேடாமல் ஏழு பேரைத் தின்றுவிட்டுப் பாறையில் படுத்துக்கொண்டது. வெளியே நின்ற கோரையன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த ஏழு பேரில் தங்கை இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் கூச்சல் குறைந்தது. மூன்றாம் நாள் நின்றேவிட்டது.

கோரையன் முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்று காது கொடுத்தான். வெயில் கொதித்தது. காற்று இல்லை. புதருக்குள்ளிருந்து சரசர என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஆயிரம் கால்கள் ஆயிரம் தொடைகளில் உரசும் சத்தம். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவன் எட்டிப் பார்த்தான். எல்லாத் தலைகளும் மேற்கே திரும்பியிருந்தன. மேற்கே ஒன்றுமே இல்லை.

"குருத்து!"

ஒரு தலை மட்டும் திரும்பியது. முகம் தங்கையுடையதுதான். முதுகு மஞ்சள். பக்கவாட்டில் கரி பூசியதுபோலக் கறுப்பு.

"எப்படிம்மா இருக்கே?"

"நாங்க நல்லா இருக்கோம்."

"உன்னைத்தான் கேட்டேன், குருத்து!"

"நாங்க நல்லா இருக்கோம்" என்றாள் அவள் மறுபடியும். அவளோடு சேர்ந்து பக்கத்தில் இருந்த இருபது வாய்களும் அதையே சொல்லின. கோரையன் ஓர் அடி பின்வாங்கினான்.

"பாத்தீங்களா? ரத்தம் காட்டிக் கொடுத்துடுச்சு! நான் அப்பவே சொன்னேன்!" என்று பெரியதாடை துள்ளினார்.

கோரையனால் அதில் பெருமைப்பட முடியவில்லை. கொடுத்த சத்தியம் நினைவுக்கு வந்தது. விறுவிறு என்று புதருக்குள் புகுந்தான். தங்கையின் முன்னங்காலைப் பிடித்து இழுத்தான். "வா, போயிடலாம்!"

ஓணான் விடுமா? "தலைவரே! உள்ளே போனவனும் அவங்க ஆளுதான்! வழியை அடைங்க!" என்று கத்தியது. பெரியதாடை பயத்தில் யோசிக்கவே இல்லை. வழியில் முள் விழுந்தது.

கோரையன் ஒதுங்கி உட்கார இடம் தேடினான். கிடைக்கவில்லை. இடமும் வலமும் கால்கள் அவன் தொடையில் உரசின. ஒவ்வோர் உரசலுக்கும் மூன்று மன்னிப்புக் கேட்டான். பொழுது சாய்வதற்குள் கேட்டுக் கேட்டு அவன் வாய் ஓய்ந்துவிட்டது. முதலில் அருவருப்பாக இருந்தது. மறுநாள் பழகிவிட்டது. மூன்றாம் நாள், உரசாத பக்கம் அவனுக்குக் குளிர்வதுபோல இருந்தது. தானாகவே நெருங்கி உட்கார்ந்தான்.

ஐந்தாம் நாள் குனிந்து தன் காலைப் பார்த்தான். மாசு மருவில்லாத அந்தத் தொடையில் கறுப்புக் கோடு ஓடியது.

அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. மச்சக்காரர்கள் மாற மூன்று நாள் ஆனது. மச்சமில்லாத அவன் மாற ஐந்து நாள் ஆனது. ரத்தத்தில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்! கருங்கூட்டம் வேறு குலமே இல்லை. நெருக்கிப் பிடித்து அடைத்தால் இந்தப் புல்வெளியில் யார் வேண்டுமானாலும் கருங்கூட்டம்தான்.

மிச்சம் இருந்த புத்தியை எல்லாம் திரட்டிக் கத்தினான்: "தலைவரே! முள்ளை எடுங்க! எங்களைப் பிரிச்சு விடுங்க! ஆளுக்கு ஒரு செடி குடுங்க, நாங்க திரும்பிடுவோம்! என் தங்கச்சி திரும்பிடுவா!"

பெரியதாடை அவன் முதுகைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "உன் ரத்தத்திலயும் கலப்பு இருந்திருக்கு! மூடி மறைச்சுட்டியே, படுபாவி!"

அதற்குமேல் கத்தக் கோரையனுக்குத் தோன்றவில்லை. தான் கத்தியதே, யாரோ ஒருவன் எதற்கோ அழுததுபோல மட்டும் அவனுக்கு இருந்தது.

உச்சி வெயிலில் வழக்கம்போல ஓணான் வந்தது. ஒருவனைக் கவ்வியது. உடனே துப்பியது. "தூ! விஷமா கசக்குதே!" எட்டு நாள் எருக்கிலை தின்ற உடம்பு வேறெப்படி இருக்கும்? வாயில் நுரை தள்ள அது தள்ளாடியது. "போங்க! தள்ளிப் போங்க!" என்றது. ஒருவரும் பயப்படவில்லை. ஒருவரும் கோபப்படவும் இல்லை. எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள். ஓணான் கிடந்த இடத்தின் மேலேயே நடந்தார்கள். கடைசிக் கால் கடந்துபோன பிறகு அங்கே எலும்பு மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

முள்வேலி அவர்களைத் தடுக்கவில்லை. முன்னால் போனவர்கள் முள்ளில் மாட்டினார்கள். மற்றவர்கள் அவர்களை மிதித்துத் தாண்டினார்கள்.

புல்வெளியில் பெரியதாடை தன் செடியின் உச்சியில் நின்றுகொண்டு, "கிட்ட வராதீங்க! நான் சுத்தக் குலம்! என் தொடையில மச்சமே இல்லை, பாருங்க!" என்று காலைத் தூக்கிக் காட்டினார். செடி சாய்ந்தது. அவர் கூட்டத்தின் நடுவில் விழுந்தார். நின்றால் தின்றுவிடுவார்கள் என்று எழுந்து கூடவே நடந்தார். "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நான்கு பக்கமும் கால்கள் உரசின. அன்றைக்கு முழுவதும் சொன்னார். மறுநாளும் கொஞ்சம் சொன்னார். ஆறாம் நாள் அவரும் கறுப்பும் மஞ்சளுமாக மேற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

வழியில் ஒரு மொட்டைப் பாறை. அதன் உச்சி வெடிப்பில் ஒரே ஒரு தும்பைச் செடி. அதில் தன்னந்தனியாக ஒருத்தி, தளதள என்று பச்சையாக உட்கார்ந்திருந்தாள். பெரியதாடையின் மகள். அவள் தொடையில் மிளகு அளவு மச்சம்! ஊருக்குத் தெரியாமல் அப்பன் அவளை அங்கே ஒளித்து வைத்திருந்தார்.

"அப்பா! அப்பா!" என்று அவள் கத்தினாள்.

அப்பன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவருக்குப் பக்கத்தில் கோரையன் நடந்தான். அவன் தொடையோடு தொடை உரசியபடி ஒருத்தி நடந்தாள். அவள் குருத்து. அவளைத் தேடித்தான் புதருக்குள் வந்தோம் என்பது அவனுக்கு நினைவில்லை. இவன் அண்ணன் என்பது அவளுக்கும் தெரியவில்லை. முன்னால் ஒருவன் தடுமாறி விழுந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து, அவனை ஆளுக்குப் பாதியாகத் தின்றுவிட்டு, மேற்கே நடந்தார்கள்.

பிறப்பு நமக்குள் பல முகங்களை வைத்து அனுப்புகிறது, அவற்றில் எது வெளியே வரும் என்பதை வாழும் இடமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது; ஆகவே ஒருவரை நெருக்கடியில் தள்ளிக் கெடுத்துவிட்டு, கெட்டது அவர் குலம் என்று சொல்லாதீர்கள்.