டாங்கியின் வலது பக்கம்

“ஒரே ஒரு போட்டோவை வெச்சுக்கிட்டு முழு டாங்கை எப்படி மேடம் செய்யறது?” என்று கேட்டார் வேதநாயகம்.

கேட்டவர் சீடர். ரயில்வேயில் ஓய்வு பெற்று, நரை விழுந்த பிறகு மாடல் செய்யக் கற்றுக்கொள்ள வந்தவர். குரு பரிமளா. சீடரைவிட இருபத்தைந்து வயது இளையவர். ஆவடியில் ஒரு மாடி அறையில் அருங்காட்சியகங்களுக்கு மாடல் செய்து கொடுக்கிறார். குரு என்றால் தாடி வேண்டும் என்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம்.

பரிமளா ஒரு பிளாஸ்டிக் துண்டை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்த டாங்கை மாத்திக் கட்டினவங்க எத்தனை போட்டோ வெச்சிருந்தாங்க சார்?”

வேதநாயகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அது எழுபத்தொன்றாம் வருஷத்துப் பாகிஸ்தான் போரில் அவருடைய அண்ணன் ஞானமுத்து ஓட்டிய டாங்கி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி அது இல்லை. உதிரிச் சங்கிலித் துண்டு, மணல் மூட்டை, எங்கோ பிடுங்கிய தகரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் குண்டுக்குத் தடுப்பாக வைத்துக் கட்டியிருந்தார்கள். போட்டோவில் தெரிவது இடது பக்கம் மட்டும்.

திரும்பி வந்த அண்ணன் அந்த நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவார். அவருடைய பழைய பர்ஸில் கிடந்த இந்தப் போட்டோவை அண்ணிதான் எடுத்துக் கொடுத்தார். மாடலைப் பார்த்தாலாவது வாய் திறப்பாரா என்று இரண்டு பேருக்கும் ஓர் ஆசை.

“ஒரு ஆணி தப்பா இருந்தாலும் ‘இது எங்க டாங்க் இல்ல’ன்னு எழுந்து போயிடுவார் மேடம். அப்புறம் இந்த ஜென்மத்துல பேச மாட்டார்.”

“செஞ்சு எடுத்துட்டு வாங்க.”

மழைக்காலம் முழுக்க வேதநாயகம் உட்கார்ந்து செய்தார்.

நன்றாகவே வந்திருந்தது, சொல்லத்தான் வேண்டும். சங்கிலியில் துருகூட இருந்தது. மூட்டையின் தையல்கூடத் தெரிந்தது.

பரிமளா இடது பக்கத்தில் மேலிருந்து கீழே ஓடிய ஒரு தழும்பைத் தொட்டார்.

“இது என்ன?”

“வெல்டிங் மேடம். பூதக்கண்ணாடி வெச்சுக் கண்டுபிடிச்சேன்.” குரலில் பெருமை.

“போட்டோவைக் குடுங்க.”

வாங்கியவர் அதை மெல்ல மடித்தார்.

“ஐயோ மேடம், கிழிஞ்சிரும்!”

கிழியவில்லை. அதே கோட்டில் நல்ல பிள்ளையாக மடிந்தது. பர்ஸுக்குள் போகிற அளவு.

அண்ணன் மடித்த மடிப்புக்கு வேதநாயகம் வெல்டிங் வைத்திருந்தார். அவருடைய காது சிவந்துபோனது.

பரிமளா மாடலைத் திருப்பினார். வலது பக்கத்தில் எண்ணெய் டின், கம்பிச் சுருள், மண்வெட்டி எல்லாம் வரிசையாக இருந்தன.

“இதெல்லாம் எந்தப் போட்டோவுல?”

“மத்த டாங்குல இப்படித்தான் மேடம் இருக்கும்.”

“உங்க அண்ணன் டாங்குல?”

வேதநாயகம் மண்வெட்டியை விரலால் நெருடினார்.

“தெரியாது மேடம்.”

“என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?”

சொல்லிவிட்டு ஒரு பிளேடை அவர் பக்கம் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு முடிந்து அவர் கை கழுவிவிட்டு வந்தபோது மாடல் மேஜையில் இருந்தது. அண்ணி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

அண்ணன் உட்கார்ந்து பார்த்தார். சங்கிலித் துண்டுகள்மேல் விரல் வைத்தார். வெல்டிங் இருந்த இடம் இப்போது வழவழவென்றிருந்தது.

பிறகு திருப்பினார். வலது பக்கம் மொட்டையாக இருந்தது. பிளேடு சுரண்டிய கீறல்தான் மிச்சம்.

“இந்தப் பக்கம் ஏன்டா ஒண்ணுமில்ல?”

“தெரியாதுண்ணே.”

அண்ணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். போச்சு என்று நினைத்தார் வேதநாயகம்.

எழுந்த அண்ணன் வெளியே போகவில்லை. மாடலை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார்.

“இங்க ஒரு கயித்துக் கட்டில் கட்டியிருந்தோம்” என்றார். “எங்ககூட இருந்த பிரீதமை உள்ள ஏத்த முடியல. அவனுக்கு ரெண்டு காலும் போயிருச்சு.”

அண்ணியின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

அண்ணன் கட்டைவிரலை மொட்டைப் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்தார். திரும்பிப் பார்க்காமலே அண்ணியைக் கூப்பிட்டார்.

“ரோஸு, நூல்கண்டு எங்க வெச்சிருக்கே?”