அரண்மனை இல்லாத களிமண் நகரம்

முன்னொரு காலத்தில், வெண்கரை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் உண்டு, சத்தியம். ஆனால் இப்போதே கொடுத்துவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே முதலில் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். குப்பை வருகிறது.

ஒரு நாள் நகர்வலத்தில் பல்லக்குத் தூக்கிகள் அழுகிய பூசணிக்காயில் வழுக்கி, ராஜாவைச் சாக்கடையோரம் உட்காரவைத்துவிட்டார்கள். "இனி இந்த ஊரில் குப்பையே உண்டாகக் கூடாது! ஆணை!" என்று அவன் கத்தினான். மறுநாள் ராஜா தின்ற வாழைப்பழத் தோலை என்ன செய்வதென்று தெரியாமல் சேவகன் மடியில் கட்டிக்கொண்டு அலைந்தான். அதற்கடுத்த நாள் ஆணை மாறியது. "குப்பைக்கு ஒரு மந்திரி போடு!"

அகப்பட்டவர் அழகேசர். பேச்சில் கெட்டிக்காரர். அதுவரை பந்தியில் அவர் பக்கத்து இலைக்கு அடிதடி நடக்கும். குப்பை மந்திரி ஆனதும் அந்த இலை காலி. குளித்து, சந்தனம் பூசி, ஜவ்வாது தடவி வந்தாலும் சபையார் இரண்டு ஆசனம் தள்ளியே உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவன்கூடச் சோற்றைத் தூரத்திலிருந்து எறிந்தான்.

வீட்டிலும் யாருமில்லை. மனைவி போய் வெகுகாலம். அழகேசர் அடுப்பைப் பார்த்து, "என்னப்பா, சோறு வெந்ததா?" என்பார். அப்புறம் அடுப்புக் குரலில் தானே, "இதோ ஐயா, கொதிக்குது" என்பார். கேட்டுச் சிரிக்கத்தான் ஆளில்லை.

சாயக்காரர் தெருவில் மட்டும் கதை வேறு. கை முழுக்க நீலமாயிருக்கும் ஜனங்கள், "வாங்க மந்திரி! எங்க தொட்டி நாத்தத்துக்கு முன்னால உங்க நாத்தம் எம்மாத்திரம்? உக்காருங்க!" என்று பாய் விரிப்பார்கள். நாள் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அவர் மாலையில் அங்கேதான் அவிழ்ப்பார்.

அந்தப் பாயையும் பிடுங்க வந்தார் கருவூல அதிகாரி விடங்கர். அழகேசர் வாய் திறந்தாலே இவருக்கு வயிறு எரியும். பேசுவது முழுக்க மூக்கால்.

"பிரபூஊ! ஊர்க் குப்பையைச் சாயக்காரர் தெருவில் கொட்டலாம். அங்கே ஏற்கெனவே நாற்றம்தானே! ஜனங்களை எல்லைக்கு வெளியே துரத்திவிட்டால் தீர்ந்தது!"

"தீர்ந்ததா?" என்றான் ராஜா. யார் பேசினாலும் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வது அவன் வழக்கம்.

அழகேசர் முன்னால் வந்து நின்றார். "பௌர்ணமிவரை பொறுங்கள் பிரபு. குப்பையை எங்கே கொட்டலாம் என்று எந்த ஊர் அதிகாரியும் கண்ணால் பார்த்துச் சொல்லும்படி ஒரு கருவி செய்கிறேன். செய்யாவிட்டால் சாயக்காரர்களோடு நானும் போகிறேன்."

"அவர்களோடா? ம்ஹும். அவர்கள் ஒரு திசை, நீர் ஒரு திசை!" என்றான் ராஜா.

அன்றிலிருந்து அழகேசர் சபா மண்டபத்தில் தனியாகக் குந்தி, களிமண்ணில் ஊரையே செய்தார். வீதிகள், வாய்க்கால், குளம், மேடு, பள்ளம் எல்லாம் வந்தன. தோப்பும் சந்தையும் திடலும் வெற்றுத் தரை. அரண்மனை மட்டும் இல்லை. அந்த நாட்டில் அரண்மனையைச் சின்னதாகச் செய்வது ராஜகுற்றம். ஆகவே அந்த இடமும் வெற்றுத் தரை.

பௌர்ணமியன்று சபை கூடியது.

"கருவியை நானே இயக்கினால் பட்சபாதம் என்பார்கள்," என்றார் அழகேசர். "ஊரையே உள்ளங்கையில் வைத்திருக்கும் விடங்கர் இயக்கட்டும்."

விடங்கருக்குத் தலைப்பாகை இறுகியது. குனிந்து பார்த்தார். திகைத்தார். திரை போட்ட பல்லக்கில் போகிறவர்களுக்கு அரண்மனைக்கு வலப்பக்கம், இடப்பக்கம், பின்பக்கம் என்றுதான் ஊர் தெரியும். இங்கே அரண்மனையைக் காணோம். எது சாயக்காரர் தெரு? கேட்டால் மானம் போகும்.

"ஆக... என்ன செய்ய வேண்டும்?"

"நம் ஊர்க் காற்றைப் போலவே, துருத்தியால் இந்த மஞ்சள்தூளை மேற்கிலிருந்து ஊதுங்கள். தூள் விழும் இடத்துக்கெல்லாம் நாற்றம் போகும். கெண்டியால் தண்ணீர் ஊற்றுங்கள். மழையில் அழுக்கு ஓடும் வழி தெரியும். வண்டிகளுக்குப் பாதை கிட்டவா என்றும் பாருங்கள்."

விடங்கர் ஊதினார், ஊற்றினார், தும்மினார். கடைசியில் கிழக்கு மதிலோரம் ஒரு வெற்றுத் தரை. தூள் மதிலைத் தாண்டிப் பறந்தது. தண்ணீர் குளத்துப் பக்கமே போகவில்லை. எல்லா வீதியிலிருந்தும் நேர் பாதை. "இதுதான்!" என்று கறுப்பு ஓட்டாஞ்சில்லை அங்கே ஊன்றினார்.

"யாருடைய நிலமோ என்னவோ..." என்று இழுத்தார் அழகேசர்.

"யாருடையதானால் என்ன? ஊர் நன்மைக்கு முன்னால் ஒருத்தன் முனகலா? இன்றைக்கே வண்டிகளை அனுப்புங்கள் பிரபூஊ!"

ராஜா ஈரக் களிமண்ணில் முத்திரை மோதிரத்தை அழுத்தினான். முடிந்தது.

"ஒரு குறை பிரபு," என்றார் அழகேசர். "அரண்மனை இல்லை. சின்னதாகச் செய்ய எனக்குத் துணிவில்லை. தாங்களே அந்த இடத்தில் நின்றால்..."

"நின்றால்? நானா? அரண்மனையா?" ராஜா பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்து நடுவில் நின்றான். "இதோ கோயில் வீதி! இதோ குளம்! இதோ கிழக்கே..." ஓட்டாஞ்சில்லைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டான். தொந்தி மட்டும் குலுங்கியது.

"அழகேசரே, சாயக்காரர் தெருவைத் தொட மாட்டோம். ஊருக்கு ஊர் இப்படியொரு களிமண் நகரம் செய்யட்டும். இனி ராத்திரிப் பந்தியில் உமது இலை என் பக்கத்தில்."

"மன்னிக்க வேண்டும் பிரபு. பகல் பந்தியானால் வருகிறேன். பொழுது சாய்ந்தால் எனக்காக ஒரு தெருவில் காத்திருப்பார்கள்."

"காத்திருப்பார்களா? நல்லது. விடங்கரே, அந்தக் குப்பைமேட்டுக்கு உமது பெயரையே வைக்கிறேன்!"

"என் பெயரா! பிரபூஊ!" விடங்கர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மூக்கு ராஜாவின் வலது கால் விரலை உரசியது. அங்கிருந்து களிமண் வீதியொன்று கண்ணுக்கு நேராக ஓடியது.

விடங்கர் எழுந்திருக்கவில்லை.

"பிரபு," என்றார். மூக்குக் குரல் போய்விட்டது. "இது... நான் தினமும் வீட்டுக்குப் போகிற வழி மாதிரி இருக்கிறதே?"

அவர் விரல் மெல்ல நகர்ந்தது. தேர் நிற்கும் முட்டியைத் தாண்டியது. கிழக்கே திரும்பியது. மதிலோரம் போய் ஓட்டாஞ்சில்லில் இடித்து நின்றது.

"ஐயோ! என் மாந்தோப்பு!"