ஆற்றுத்துறையில் எழுந்த முள்வேலி

ஒரு காட்டில், கோடை வந்தால் வெறும் மணலாகிவிடும் ஓர் ஆற்றங்கரையில், செம்பி என்ற புள்ளிமான் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் இன்னொரு காடு இருந்தது. அக்கரை மான்கள் புல் தேடி இங்கே வரும். இங்கே மேய்ச்சல் குறைந்தால் இக்கரை மான்கள் அங்கே போகும். அதை யாரும் ஒரு பேச்சாகப் பேசியதில்லை.

ஒரு பனிக்காலக் காலையில் மான்கூட்டம் துறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. மூடுபனிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பாய்ந்தது. மான்கள் சிதறி ஓடின. பனி விலகியபோது குட்டிகள் சில கரையில் செத்துக் கிடந்தன. அவற்றில் ஒன்று செம்பியின் மூத்த குட்டி.

செம்பி அதன் கழுத்தை நக்கிக்கொண்டே நின்றாள். அது எழுந்திருக்காது என்று மற்ற மான்கள் சொல்லின. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் வெயில் ஏறும்வரை நக்குவதை நிறுத்தவில்லை.

அன்றே காடு முழுவதும் ஆலமரத்தடியில் கூடியது. தலைவர் கோடன் என்ற கொம்பன் யானை. பலசாலி, அதைவிடப் பெருமைக்காரர்.

முதலில் நரி எழுந்தது. கொலை நடந்த இடம் ஆற்றுத்துறை. துறைக்கு அப்பால் இருப்பது அக்கரைக் காடு. ஆகவே கொலைகாரன் அங்கிருந்துதான் வந்திருக்கிறான் என்றது. துறையை முள்ளால் அடைத்துவிட்டால் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம் என்றது. காட்டெருமைகள் தலையாட்டின. வருகிறவர்கள் எல்லாரும் நம் புல்லைத்தானே தின்கிறார்கள் என்று அவை வெகுநாளாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

மரக்கிளையில் இருந்த மந்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"தலைவரே, நான் மேலிருந்து பார்த்தேன். அது சிறுத்தை. குட்டிகளைக் கொன்றுவிட்டு நம் பாறைக்குன்றின் பக்கம்தான் போனது. வருகிறவர்களை நிறுத்தி விசாரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் குன்றைத் தேடுங்கள்."

பாறைக்குன்றின் குகையில் சிறுத்தை இருப்பது நரிக்குத் தெரியும். சிறுத்தை தின்று மிச்சம் வைப்பதுதான் நரியின் சாப்பாடு.

"மந்தியக்கா, உன் அண்ணன் குடும்பம் அக்கரையில்தானே இருக்கிறது?" என்று நரி மெல்லக் கேட்டது.

"இருக்கிறது. அதற்கென்ன?"

"ஒன்றுமில்லை. சும்மா கேட்டேன்."

அவ்வளவுதான். எல்லாக் கண்களும் மந்தியின் மேல் திரும்பின. கோடனுக்கும் குன்றைத் தேட மனமில்லை. தன் காலடியிலேயே ஒரு கொலைகாரன் குடியிருக்கிறான் என்று ஒப்புக்கொண்டால் தன் தலைமை என்னாவது? அவர் செம்பியைப் பார்த்து, பிள்ளையைப் பறிகொடுத்தவள் நீ, நீயே சொல் என்றார்.

செம்பிக்கு மந்தி சொன்னதும் காதில் விழவில்லை, நரி சொன்னதும் விழவில்லை. இன்னொரு முறை அப்படி நடக்கக்கூடாது என்பது மட்டுமே அவள் மனதில் இருந்தது.

"அடைத்துவிடுங்கள்," என்றாள்.

இலந்தை முள்ளும் உடைமுள்ளும் கட்டுக் கட்டாக வந்தன. யானைகள் அவற்றைத் துறை நெடுகக் குவித்தன. மற்ற இடங்களில் கரை செங்குத்து, ஏறி வர வேறு வழியில்லை. அக்கரைமேல் அவ்வளவு பாசம் இருந்தால் அங்கேயே போய்விடலாம் என்று கோடன் மந்தியிடம் சொல்லிவிட்டார். வேலி முடிவதற்குள் மந்தி தன் குட்டியை வயிற்றில் அணைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போனாள். வேலிக்குச் செம்பியே காவலானாள். குட்டி இறந்தபின் அவள் நெஞ்சு கொஞ்சம் லேசானது அன்றுதான்.

கோடை வந்தது. ஆறு வற்றியது. ஒருநாள் அக்கரைக் காட்டில் தீப்பிடித்தது.

புகைக்குள்ளிருந்து ஒரு மான் தள்ளாடி வந்து முள்வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. செம்பிக்கு அவளைத் தெரியும். பெயர் மருதி. போன வருடம் இருவரும் ஒரே புல்வெளியில் மேய்ந்தவர்கள். மருதியின் முதுகு கருகியிருந்தது. பின்னால் அவள் குட்டி இருமிக்கொண்டு நின்றது.

"செம்பி, ஒரு முட்கட்டை மட்டும் இழுத்துவிடு. நாங்கள் நுழைந்ததும் மறுபடி அடைத்துக்கொள்."

"என்னால் ஆகாது. தலைவரைக் கேட்க வேண்டும்."

"கேட்டுவிட்டு வா. நான் நிற்கிறேன்."

செம்பி ஓடிப்போய்க் கேட்டாள். கொலைகாரர்கள் குட்டியை முன்னால் விட்டுப் பின்னால் வரமாட்டார்களா என்றது நரி. கோடன் வேறு எங்கோ பார்த்தபடி, காவல் உன்னுடையது, நாளைக்கு ஏதாவது நடந்தால் பொறுப்பும் உன்னுடையது என்றார்.

செம்பி திரும்பி வந்தாள். மருதியின் குட்டி முள் இடுக்கில் மூக்கை நீட்டியது. செம்பி தன் இளைய குட்டியை நினைத்தாள். திறந்த வழியில் வேறு ஏதாவது நுழைந்துவிட்டால்?

"ஆகாது, மருதி," என்றாள்.

"குட்டியை மட்டுமாவது எடுத்துக்கொள். என்னை வேண்டாம்."

செம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருதி அதற்குமேல் கெஞ்சவில்லை. வேலியோரமாகவே படுத்துக் குட்டியைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். புகை கீழிறங்கியது. குட்டியின் இருமல் வெகுநேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. செம்பி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சில நாட்கள் கழித்து, பட்டப்பகலில், சிறுத்தை பாறைக்குன்றிலிருந்து இறங்கி வந்தது. அது ஒளிந்துகொண்டுகூட வரவில்லை. மான்கூட்டம் வழக்கம்போல ஆற்றுத்துறையை நோக்கி ஓடியது. அங்கே முள்வேலி நின்றது. முன்னால் ஓடியவை முள்ளில் மாட்டிக்கொண்டன. பின்னால் வந்தவை அவற்றின் மேல் விழுந்தன. செம்பியின் இளைய குட்டி கால் சிக்கிக் கத்தியது. செம்பி முள்ளைக் கடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே சிறுத்தை குட்டியைக் கவ்விக்கொண்டது. வந்த வழியே குன்றுக்கு நடந்தது. ஓடக்கூட இல்லை.

செம்பி ஆலமரத்தடிக்கு வந்தாள். அவள் வாயெல்லாம் ரத்தம்.

"குன்றிலிருந்து வந்தது. குன்றுக்கே போனது. நான் கண்ணால் பார்த்தேன்," என்றாள்.

நரிதான் முதலில் வாய் திறந்தது. வேலியின் உயரம் போதவில்லை, அதைத் தாண்டித்தான் சிறுத்தை முன்பே உள்ளே வந்திருக்கும் என்றது. கோடன் யோசிப்பதுபோல் கண்ணை மூடினார். பிறகு, வேலியை இன்னும் உயர்த்துங்கள் என்று உத்தரவிட்டார். எருமைகள் முள் வெட்டப் புறப்பட்டன. குட்டியை இழந்த மற்ற மான்களும் அவற்றின் பின்னால் போயின.

செம்பி போகவில்லை. அவள் துறைக்கு வந்து, மருதி படுத்த இடத்துக்கு நேராக முள்ளை ஒவ்வொன்றாகக் கடித்து இழுத்துப் போட்டாள். நாக்கு கிழிந்தது. ஒரு மான் நுழையும் அளவுக்கு வழி உண்டானதும் அதில் நின்று அக்கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

வேலியடியில் எலும்புகள் கிடந்தன. அதற்கு அப்பால் மணல். மணலுக்கு அப்பால் சாம்பல். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். வருவதற்கு அங்கே யாரும் இல்லை.

சற்று நேரத்தில் எருமைகள் புது முள்ளோடு வந்தன. அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அந்த வழியையும் அடைத்தன.

நீதி: எதிரி எங்கே இருக்கிறான் என்று பாராமல் கதவை அடைக்கிறவர்கள், அடைக்கலம் தேடி வந்தவரை வெளியே சாகவிட்டு, எதிரியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்வார்கள்.