மரு கேட்ட அம்மை

கொன்றையூர்ப் பூங்குழலியம்மைக்கு நாள்தோறும் கதம்பம் கட்டித் தருவது சொக்கப் பண்டாரத்தின் தொண்டு. விடியுமுன் குளித்துவிட்டு, மல்லிகையோடும் அரளியோடும் மரு என்னும் வாசனைத் தழையையும் சேர்த்துத் தொடுப்பார். தொடுக்கும்போது வீட்டு விஷயமெல்லாம் அம்மையிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

பெயர்தான் சொக்கர். கையிலும் காலிலும் தடித்த மருக்கள். ஏழு வயதில் முளைத்தவை, உதிரவே இல்லை. அவருடைய தாய்மாமனுக்கும் அப்படியே இருந்ததாம். இரத்தத்தோடு வந்த நோய் எந்தக் களிம்புக்குக் கேட்கும்? இருபது வருடம் கூடக் குடித்தனம் நடத்திய மனைவி சிவகாமியின் மேல் ஒரு பொட்டு மரு கிடையாது. அதை யார் கவனித்தார்கள்?

கோயில் காரியம் பார்க்கப் புதிதாக வந்த மணியக்காரர் ஒருநாள் பூக்கூடையை எட்டித் தள்ளினார்.

"ஓய், நீர் தொட்ட பூவை நம்ம பொம்பளைங்க பிரசாதம்னு தலையில வெச்சா எல்லாருக்கும் ஒட்டிக்காதா? இனிமே இந்தப் பக்கம் வராதீர்!"

"நாலு அடி அடிங்க, வாங்கிக்கறேன். பூவைத் தொடாதேன்னு மட்டும் சொல்லாதீங்க, சாமி" என்று சொக்கர் அழுதார். மணியக்காரர் இளகவில்லை.

மறுநாள் அம்மைக்கு வேறொருவர் கட்டிய மாலை. அதற்கடுத்த விடியலில் குருக்களின் கனவில் அம்மை வந்தாள். "எனக்கு மரு எங்கேடா?" என்று கேட்டாள். கதம்பத்தில் தழை குறைந்துவிட்டது போலும் என்று எண்ணிய குருக்கள், மருத்தழையைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து சாத்தினார். கருவறையில் வாசனை மூச்சை முட்டியது. மறுநாள் கனவிலும் அதே கேள்வி. குருக்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அம்மா, தோட்டத்தையே பறிச்சுச் சாத்திட்டேனே! இன்னும் எந்த மரு?"

"தழை யாருக்குடா வேணும்? என் பிள்ளை கையில இருக்கே, அது. அந்தக் கை படாத மாலை எனக்கு எதுக்கு?"

குருக்கள் மணியக்காரரையும் இழுத்துக்கொண்டு பண்டாரத்தின் வீட்டுக்கு ஓடினார். அங்கே சொக்கர், பூவே இல்லாமல், வெறும் நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா இப்படித்தான் சாமி. சோறு இறங்கல. அம்மாவுக்கு நேரமாச்சு, நேரமாச்சுங்கறாரு" என்றாள் சிவகாமி.

அன்று அவர் தொடுத்த மாலையைச் சாத்திய குருக்கள் திடுக்கிட்டார். அம்மையின் கல்விரலில், நேற்றுவரை இல்லாத, கடுகளவு மரு ஒன்று! மணியக்காரர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சொக்கரோ பதறிப்போனார்.

"ஐயோ தாயே, உனக்கு எதுக்கு இது? எனக்கே இருக்கட்டுமே!"

அவருடைய மருக்கள் கடைசிவரை உதிரவில்லை. உதிரச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தாயே பங்கு கேட்டு வாங்கும்படி அன்பு வைத்த அந்தக் கைகளைக் கும்பிடுகிறோம்.